மதுரையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்

மாடியில் பேச்சு இன்னும் ஓயவில்லை. மங்கையர்க்கரசி கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, முருங்கைக்கீரைக் கட்டைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு ஈர்க்காக எடுத்து உருவிக்கொண்டிருந்தாள். கை கீரையில் இருந்ததே தவிர, காது முழுக்க மாடிப்படியில்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஓவியாவைக் கூப்பிட்டாள். பெங்களூரில் இருக்கும் ஒரே மகளை, ஐந்து மாதக் கர்ப்பிணியை, பெற்ற தாய் கூப்பிடுகிறாள். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றாள் அந்தப் பதிவுக் குரல்காரி. கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதே குரல்காரி, அதே மரியாதை. மகள் யாரோடு பேசுகிறாள் என்று ஜோசியரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. தலைக்கு மேலே சுகன்யாவின் குரல் பால்கனிக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தது. கொழுந்தனின் பெண்டாட்டி. சொல் ஒன்றும் பிடிபடவில்லை, நடுநடுவே ஒரு "கண்ணு", நீளமாக ஒரு மௌனம், பிறகு மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சிரிப்பு. என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது. என்னைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தாள், நினைத்ததும் அதுதான் நிச்சயம் என்று ஆகிவிட்டது. கீரையை ராத்திரியே துணியில் சுற்றி வைத்துவிட்டால் காலையில் இலையெல்லாம் தானாக உதிர்ந்துவிடும் அக்கா, உட்கார்ந்து உருவவே வேண்டாம் என்று போன வாரம் சுகன்யாதான் சொன்னாள். அதற்காகவே மங்கை துணியில் சுற்றவில்லை. இடுப்பு விட்டுப்போனாலும் சரி, கையால்தான் உருவுவேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

சுகன்யா இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வரும்வரை, குடும்பத்தில் யார் எதை இணையத்தில் வாங்குவதென்றாலும் மங்கையிடம் காட்டாமல் வாங்கமாட்டார்கள். நாத்தனார் சிவகாசியிலிருந்து அனுப்புவாள், "மதினி, இந்தச் சேலை நெசமான கடைதானா, பாத்துச் சொல்லுங்க" என்று. மங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். விலை பாதியாக இருந்தால் பாதிச் சந்தேகம். நேற்றுத் திறந்த கடைக்கு ஆயிரம் பேர் ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தால் முழுச் சந்தேகம். படத்தைப் பெரிதாக்கி, மூலையில் வேறு கடையின் பெயரை அழித்த தடம் இருக்கிறதா என்று தேடுவாள். விற்கிறவன் ஆப்பில் வேண்டாம் மேடம், பணத்தை நேராக எனக்கே அனுப்புங்கள், இன்னும் குறைத்துத் தருகிறேன் என்று குழைந்தால் அதோடு அவன் கதை முடிந்தது. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் செங்கல்லை அனுப்பிவிட்டுப் போன் என்று சாதிப்பான் என்பதை ஊருக்கெல்லாம் அவள்தான் சொன்னாள். எல்லாவற்றையும்விட, வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படிப்பதில் அவள் சூரப்புலி. கூலிக்கு எழுதுகிறவன் குறை சொல்லமாட்டான், கோபத்தில் எழுதுகிறவன் நிறை சொல்லமாட்டான், ஒரு குறையும் ஒரு நிறையும் சேர்த்துச் சொல்கிறவன்தான் காசு போட்டு வாங்கியவன், அவனை நம்பு என்பாள். இத்தனையையும் சுகன்யா பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா அக்கா என்று கேட்டே எடுத்துக்கொண்டாள். சரி, எடுத்துக்கொள்ளட்டும், அறிவு என்ன அடுக்குப்பானையா, எடுத்தால் குறைய. ஆனால் குடும்பக் குழுவில் மெதுவாகக் காற்று திசை மாறியது. "சுகன்யா, இதைக் கொஞ்சம் பாரும்மா" என்று நாத்தனார் எழுதிய அன்றைக்கு மங்கைக்கு ராச்சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் அந்த சுகன்யா ஏமாறாதவளா? பட்டு என்று வாங்கிய சேலை முதல் தண்ணீரிலேயே சாயம் போய், வாளித் தண்ணீரைப் படம் எடுத்துக் குழுவிலே போட்டு, ஏமாந்த சோணகிரி நான்தாங்க என்று எழுதியவள். ஏமாந்ததைத் தண்டோரா போடுவாளா ஒருத்தி? குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. மங்கையும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டாள், உள்ளே பால் வார்த்த மாதிரி இருந்தது, தொலைந்தாள் இனி என்று. மறுநாளிலிருந்து சுகன்யாவிடம் கேட்கிறவர்கள் கூடிப்போனார்கள். விழுந்தவனிடம் போயா வழி கேட்பார்கள்? இந்த உலகத்தின் நியாயம் மங்கைக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாத்தனார் போகட்டும், அடுத்த வீட்டுக்காரி போகட்டும், ஓவியாவுமா? அங்கேதான் நெஞ்சு அடைக்கிறது. மகளுக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று டாக்டர் சொன்னது பெற்றவளுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? மாடிப்படியில். துணி காயப்போட ஏறுகிறபோது, இறங்கி வந்த சுகன்யா, "ஓவியாவுக்கு ரத்தம் ஒம்பதுதான் இருக்காமேக்கா, முருங்கைக்கீரைப் பொடி அனுப்புவமா?" என்றாள். மங்கை ஈரத்துணியோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு சுகன்யா குரலைத் தாழ்த்தி, "சொல்லலையாக்கா? மறந்திருப்பா" என்றாள் பாருங்கள், அந்தக் குரலை மட்டும் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு மகளிடம் கேட்டதற்கு, "நீ பதறுவம்மா" என்றாள் ஓவியா. பதறமாட்டார்களா? பெற்றவள் பதறாமல் எதிர்வீட்டுக்காரியா பதறுவாள்? ஆனால் அது பொய்ச்சாக்கு, மகளுக்கும் தெரியும் அம்மாவுக்கும் தெரியும். காலேஜில் ஒரு பாடம் போனபோதும் இப்படித்தான் மாசக்கணக்கில் மறைத்தாள். ஏன்டி மறைத்தாய் என்றதற்கு, "சொன்னா நீ 'எனக்கு அப்பவே தெரியும்'னு சொல்லுவ" என்றாள். அப்பவே தெரியத்தான் செய்தது, அதைச் சொன்னால் என்ன தப்பு? சொல்லாமல் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்ற கேள்வியும் கூடவே வந்தது. கீரைக் காம்பு ஒன்று நகக்கண்ணில் ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டாள், பச்சை வாசனை கசந்தது. மேலே "ஆமா கண்ணு, ஆமா" என்றது குரல்.

இரும்புக் கல்லில் தோசை வார்த்துத் தின்றால் ரத்தம் ஊறும் என்று எவனோ ஒரு வீடியோக்காரன் சொன்னதை சுகன்யா பிடித்துக்கொண்டாள். வார்ப்பிரும்பு தோசைக்கல். அந்தப் பேச்சை எடுத்தாலே மங்கை வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். போன ஆடியில் குழுவில் யாரோ நல்ல இரும்புக் கல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். சுகன்யா பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதுவதற்குள் தான் வாங்கியே காட்டிவிட வேண்டும் என்று மங்கைக்கு வெறி பிடித்தது. விலை பாதி, கடை புதிது, படத்தில் கல்லுக்குப் பக்கத்தில் அறுத்த எலுமிச்சம்பழம், கல்லுப்பு, எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி. அடுத்தவர் காட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் அடித்து விரட்டியிருப்பாள். அவசரம் கண்ணை மறைத்தது. பார்சல் வந்தபோது வீடியோவாவது எடுத்தாளா? ஊருக்குத்தான் உபதேசம். தன் கண்ணைவிடவா ஒரு கேமரா என்று பிரித்தாள். கல் கருகருவென்று கும்மென்றிருந்தது. அன்றைக்கே கருத்து கேட்டு ஆப் கூவ, அன்றைக்கே எழுதினாள், ஒரு தோசைகூட வார்க்காமல்: பேக்கிங் சுமார்தான், அட்டை ஒரு பக்கம் நசுங்கி வந்தது, ஆனால் கல் அருமை, தோசை ஒட்டாமல் வருகிறது. ஐந்து நட்சத்திரம். கீழே பெயர் போடாமல், மதுரையிலிருந்து ஒரு வாடிக்கையாளர். மூன்றாவது தோசையில் கருப்புப் பொரிப்பொரியாக உரிந்து வந்தது. குளிர்பெட்டிக் கதவிலிருந்து பழனியில் வாங்கிய மயில் காந்தத்தை எடுத்து, கல்லை நிமிர்த்திப் பிடித்து அதில் வைத்தாள். மயில் வழுக்கிக்கொண்டு கீழே போனது. வெறும் அலுமினியம், மேலே பெயின்ட். அவளுடைய வீட்டுக்காரரும் கொழுந்தனும் கீழமாசி வீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்கள், ஆணியும் கீலும் பூட்டும் விற்றே இந்த மாடியைக் கட்டினார்கள். இரும்புக்கடைக்காரன் பெண்டாட்டிக்கு இரும்பென்று அலுமினியத்தை விற்றுவிட்டான் என்று தெரிந்தால் கடைத்தெரு வாயை எதைப் போட்டு மூடுவது? புகார் பண்ணலாம் என்றால் கணக்கு அவர் நம்பரில் இருக்கிறது, அழுத்திய மறுநிமிஷம் அவர் போனில் மணி அடிக்கும், அவர் தம்பியிடம் சொல்வார், தம்பி மாடிக்குக் கொண்டுபோவான். கமுக்கமாகக் கல்லைப் பரணில், கொலுப் பெட்டிக்குப் பின்னால் செருகினாள். கருத்தையாவது அழித்திருக்கலாம். அழிக்கத்தான் போனாள். போய்ப் பார்த்தால் நூறு பேருக்கு மேல் பயனுள்ளது என்று அமுக்கியிருந்தார்கள். அவள் எழுதியதில் இத்தனை பேர் மெச்சியது வேறொன்றும் இல்லை. நாளைக்கு அழிப்போம் என்று விட்டாள், பிறகு அவ்வப்போது போய் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

இன்று காலை சுகன்யா தலையைத் துவட்டிக்கொண்டே போனை நீட்டினாள். "அக்கா, ரெண்டு கல்லு போட்டிருக்கேன், ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஓவியாவுக்கு. எனக்கு இன்னைக்கே வந்துரும், அவளுக்கு நாளைக்கு இல்ல மறுநாள் போகுமாம். ஒருக்கா நீங்க பாத்துட்டீகன்னா எனக்கு நிம்மதி." எலுமிச்சம்பழம். கல்லுப்பு. அதே கடை. மங்கைக்குக் காது சூடாகிவிட்டது. சுகன்யா விடவில்லை, விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். "மத்ததெல்லாம் கூலிக்கு எழுதுன மாதிரித்தான் இருந்துச்சுக்கா, ஆனா இந்தா பாருங்க, நம்ம ஊர்க்காரங்க ஒருத்தர். பேக்கிங் சுமாருன்னு குறையும் சொல்லி, கல்லு அருமைன்னு நிறையும் சொல்லியிருக்காக. நீங்க சொல்வீகள்ல, அதான் நம்பிப் போட்டேன்." தன் எழுத்தைத் தானே இன்னொருத்தி கையில் பார்த்தாள் மங்கை. அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வேண்டாம், இது டூப்பு என்று ஒரு வார்த்தை. எப்படித் தெரியும் என்று கேட்டால் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம், பரணுக்கு ஏற வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் "ஓவியாவுக்கு" என்று அவள் சொன்ன உரிமை இருக்கிறதே. என் மகளுக்கு ரத்தம் ஊற இவள் கல் வாங்கி அனுப்புவாளாம், நான் பார்த்து நிம்மதி கொடுக்க வேண்டுமாம். மங்கையின் வாய் தானாகத் திறந்தது. "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றது. சுகன்யாவின் முகம் மலர்ந்து போனதைப் பார்த்தபோது ஒரு கணம், ஒரே ஒரு கணம், இனித்தது.

அந்த இனிப்போடுதான் கீரைக்கு உட்கார்ந்தாள். உச்சிவேளையில் பார்சல்காரன் அட்டைப்பெட்டியோடு மாடிப்படி ஏறினான், மங்கை கீரையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். மேலே அட்டை கிழிகிற சத்தம், குழாய்ச் சத்தம், பிறகு இந்தப் பேச்சு. கல்லை வர்ணிக்கிறாளாக்கும். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது, எனக்கே மூன்றாவது தோசையில்தானே தெரிந்தது. தெரியட்டும். நாலு நாள் கழித்து ஓவியா படம் எடுத்து அனுப்புவாள், என்ன சித்தி இது என்று. குழு பார்க்கும். நாத்தனார் பார்ப்பாள். அப்புறம் ஓவியா கீழ்வீட்டுக்குக் கூப்பிடுவாள், உங்கிட்டயே கேட்டிருக்கலாம்மா என்பாள். அந்தக் குரலை மங்கை நாக்கில் வெல்லம் வைத்த மாதிரி வைத்து உருட்டினாள். உங்கிட்டயே கேட்டிருக்கலாம்மா. நான் அப்பவே, என்று ஆரம்பித்து, இல்லை, இந்தத் தடவை அப்பவே தெரியும் என்று சொல்லக் கூடாது, விடுடி கண்ணு என்று மட்டும் சொல்ல வேண்டும், பெருந்தன்மையாக. ஓவியா படம் எடுக்க வேண்டுமென்றால் கல் அடுப்பில் ஏறியிருக்க வேண்டும். மூன்று தோசையாவது வார்த்திருக்க வேண்டும். அந்த மூன்று தோசை எங்கே போயிருக்கும்? கை நின்றுவிட்டது. முதல் தோசையில் தெரியவே தெரியாது, லேசாகக் கருகியது மாதிரி இருக்கும், இரும்புதானே நல்லது என்று விழுங்குவாள். அந்தப் பெயின்ட்டில் என்ன விஷம் கலந்திருக்கிறானோ. உள்ளே ஒரு கையளவு உசிர் அதைத் தின்னும். சீ, நான் தாயா, பேயா? பாதகி. இல்லை, இன்றைக்கொன்றும் போய்விடாது, நாளைக்கோ மறுநாளோதான் போகும், பொழுது கிடக்கிறது, ராத்திரி சொல்லிக்கொள்ளலாம், நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம். சொல்லத்தானே கூப்பிட்டேன் மத்தியானம்? சொல்லத்தான் கூப்பிட்டேனா? யாரோடு பேசுகிறாள் என்று பார்க்கத்தான் கூப்பிட்டேனா? அது அவளுக்கே தெரியவில்லை. பார்சல் சில சமயம் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிடும். இன்று சாயங்காலமே வந்து, இன்று ராத்திரியே தோசை வார்த்தால்? முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், கீரை மடியிலிருந்து சிதறியது. மேலே பேச்சு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. போனை எடுத்து அழுத்தினாள். கல்லை அடுப்பில் வைக்காதே என்பதுதான் முதல் வார்த்தை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"சொல்லும்மா" என்றாள் ஓவியா. குரல் தடிமன் பிடித்த மாதிரி இருந்தது.

"யார்கிட்டடி இவ்வளவு நேரம்?" அதுதான் முதலில் வந்தது.

"சித்திகிட்டதாம்மா. பாவம்மா அவங்க. தோசைக்கல்லு வாங்கினாங்கல்ல, டூப்பாம். நார் வச்சுத் தேச்சதும் கையெல்லாம் கருப்பு ஒட்டிக்கிச்சாம். உடனே எனக்கு போன் பண்ணி, உனக்கு வர்றதைப் பிரிக்கவே பிரிக்காத, அப்படியே திருப்பி விட்டுரு, ஏமாந்துட்டேன் கண்ணு, உன் வயித்துக்குள்ள போயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு ஒரே அழுகை. நான்தான் சமாதானம் பண்ணேன். அப்புறம் பேச்சு எங்கெங்கயோ போயிருச்சு. எனக்கும் பயமா இருக்கு சித்தி, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, குழந்தைக்கு ஏதாவது ஆயிருமோன்னு இருக்குன்னு சொன்னேன். நானும் அழுதுட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதோம்." ஓவியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "இப்ப பரவால்ல."

மகள் வயிற்றுக்குள் கருப்பு போகவில்லை, பிழைத்தோம், தெய்வமே என்று மங்கைக்கு நெஞ்சு இளகிய அதே நொடியில், தூக்கமே இல்லை என்பதை மாடிக்காரியிடம் சொல்லியிருக்கிறாள் என்று வயிறு பற்றி எரிந்தது. இரண்டும் ஒன்றாகவே நடந்தன. ஏமாந்தவள் அவள். அழுதவளும் அவள். மடி கிடைத்ததும் அவளுக்கேவா? "எங்கிட்ட ஏன்டி சொல்லலை, தூக்கம் வரலைன்னு?"

"சொன்னா நீ பதறுவம்மா." பிறகு ஓவியா சொன்னாள், "சித்தி சொன்னாங்க, உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை காட்டாம போட்டுட்டேன், காட்டியிருந்தா அக்கா பாத்ததுமே பிடிச்சிருப்பாகன்னு."

காட்டாமலா? தலை துவட்டிக்கொண்டே நீட்டினாளே, நீ பார்த்தால் சரியாகத்தான் இருக்கும் என்று என் வாயால் சொன்னேனே. எதற்காக மறைத்தாள்? என்னைக் காப்பாற்றவா? எல்லாம் தெரிந்துதானா? மதுரையிலிருந்து எழுதிய அந்த வாடிக்கையாளர் யாரென்றுமா? அவள் யார் என்னைக் காப்பாற்ற? அந்தப் பொய்யைக்கூட அவள்தான் எனக்குப் போட்டுத்தர வேண்டுமா? சொல்லிவிடலாம். இப்போதே, இந்த மூச்சிலேயே. காட்டினாள்டி, நான்தான் வாயை மூடிக்கொண்டேன், நானும் ஏமாந்தேன், அந்தக் கல் நம் வீட்டுப் பரணில் கிடக்கிறது, அதை நல்லது என்று எழுதி உங்கள் சித்தியை ஏமாற்றியதே நான்தான். சொன்னால் மகள் திட்டுவாள். திட்டிவிட்டு அழுவாள். அழுதால் நானும் அழலாம். இன்னும் ஒரு மணி நேரம் அவள் என்னோடு இருப்பாள். உதடு வரைக்கும் வந்துவிட்டது.

"ஓவியா."

"ம்?"

"ஆமா" என்றாள் மங்கை. "எங்கிட்ட காட்டியிருக்கலாம்."

"அதைத்தான் நானும் சொன்னேன். உன்னைய யாரும்மா ஏமாத்த முடியும்?"

இந்த வார்த்தைக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தாள். வந்துவிட்டது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

"இன்னுங் கொஞ்சம் பேசேண்டி."

"என்னம்மா பேசணும், சொல்லு."

மங்கை தேடினாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை விட்டால் வேறு எதுவும் அகப்படவில்லை. "கீரை உருவிட்டிருக்கேன். பொடி பண்ணி அனுப்புறேன்."

"சரிம்மா."

"வேளாவேளைக்குச் சாப்பிடு."

"சாப்பிடுறேன்மா. உனக்கு ஒண்ணும் இல்லல்ல? நல்லாத்தான இருக்க?"

"எனக்கென்ன. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப சரிம்மா, வச்சிடறேன்."